வாய் திறக்காத சுரம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு யாருடைய நற்சான்றும் வேண்டாம். என் தாடைக்குக் கீழே இரண்டு தழும்புகள் இருக்கின்றன. நம்பாதவர்கள் நேரில் வந்தால் காட்டுகிறேன். தொட்டுக்கூடப் பார்க்கலாம்.

நான் வயலின் வாசிப்பவன். வரவேற்புகளில் வாசிப்பேன். ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் போவேன். வாய் கொஞ்சம் காரம். அதனால் கூட வாசிப்பவர்கள் எனக்கு ‘மிளகாய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் மட்டும் ஒருத்தனுக்கும் வந்ததில்லை.

வானொலி வாத்தியக் குழுவில் நிரந்தரமாக ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. அந்த நாற்காலிக்காக இரண்டு முறை போய் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். கை சரியாகத்தான் வாசித்தது. காதுதான் காலை வாரியது. அங்கே ஒரு காதுத் தேர்வு உண்டு. திரைக்குப் பின்னால் ஒருவர் பியானோவில் ஒரே ஒரு கீயைத் தட்டுவார். அது என்ன சுரம் என்று மேற்கத்திய முறையில் சி, டி, ஈ எனப் பெயர் சொல்ல வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ‘இது சி’ என்று முதலில் ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை எந்த வாத்தியக்காரனும் சொல்லிவிடுவான். எதையுமே காட்டாமல் வெறும் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது வேறு. துணியைப் பார்த்ததும் சிவப்பு, பச்சை என்கிறோமே, அப்படிச் சொல்ல வேண்டும். சிலருக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிடும். எனக்கு வரவில்லை. வயது வரம்புப்படி இது கடைசி வாய்ப்பு. தானாக வராததை அடித்துப் பிடுங்கிவிடலாம் என்று பயிற்சியில் இறங்கினேன்.

பயிற்சி இதுதான். ஒரு நாளைக்கு ஒரு சுரம். எதையும் கேட்காமல், நினைவிலிருந்து எடுத்து, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். அதற்குப் பிறகுதான் கீபோர்டில் தட்டிச் சரிபார்க்க வேண்டும். சரியாக வந்துவிட்டால் அதை விடக் கூடாது. தெருவில் நடக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் முனகிக்கொண்டே போக வேண்டும். அன்றைய சுரத்தை நாள் முழுக்கத் தொண்டையில் வைத்துக்கொண்டே திரிய வேண்டும்.

இது என் வீட்டில் நடக்காது. காரணம் என் மகள். நான்கு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். கண் விழித்ததிலிருந்து பாட்டுத்தான். அவளே கட்டுகிற பாட்டு.

“சீப்பு எங்க போச்சு... என் சீப்பு எங்க போச்சு... தூங்கப் போச்சு, தூங்கப் போச்சு...”

இன்றைக்குச் சீப்பு என்றால் நாளைக்குச் செருப்பு. அதற்கு அடுத்த நாள் கரண்டி. எது கண்ணில் படவில்லையோ அதைத் தேடிப் பாடுவாள். சுருதியைப் பற்றி மட்டும் பேசாமல் இருப்பது நல்லது. “வயலின்காரர் பெத்த பொண்ணு பாடுறதப் பாருங்க, கழுத தோத்துடும்” என்று என் மனைவி சிரிப்பாள். எனக்கு அந்தக் கழுதைக் குரல்தான் உயிர். ஊரில் எவன் அபசுரமாக வாசித்தாலும் கிழித்துத் தொங்கவிடுகிற நான், அவளை மட்டும் ஒரு நாளும் திருத்தியதில்லை.

மனைவியின் அண்ணன் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர். மச்சான் ஆவதற்கு முன்பே நண்பன். அந்த ஸ்டுடியோவின் கடைக்கோடியில், பாடகர்கள் நின்று பாடுவதற்கான சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. பூத் என்பார்கள்.

“அத நாங்க தொடுறதே இல்ல மாப்ள. எந்த மைக் வச்சாலும் ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் பதியுது. வயரிங் மாத்தியாச்சு, எர்த்திங் மாத்தியாச்சு. போக மாட்டேங்குது. நீ சும்மா முனகத்தான போற? எடுத்துக்கோ.”

“ஓசின்னா பினாயிலக் கூட குடிப்பான்னு என்னப் பத்தி முடிவே பண்ணிட்டியா?”

“குடிக்க மாட்டியா?”

குடித்தேன்.

மெத்தை கனத்தில் ஒரு கதவு. உள்ளே அதே கனத்தில் இன்னொன்று. இரண்டையும் சாத்தினால் உலகம் அணைந்துவிடும். ஒரு நாற்காலி, ஒரு பல்பு, நான் கொண்டுபோகும் சின்னக் கீபோர்டு, நான்கு பக்கமும் சாம்பல் நிறப் பஞ்சுச் சுவர். எச்சில் விழுங்கினால் அது கேட்கும். கண் சிமிட்டினால்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும். ஸ்டுடியோ ஆட்கள் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் நான் உள்ளே போவேன்.

முதல் சில வாரங்கள் எல்லாம் தப்பு. ‘ஜி’ என்று முனகினால் கீபோர்டு வேறெதையோ சொல்லும். கீபோர்டைக் கண்டபடி திட்டுவேன். அது பாவம், என்ன செய்யும்.

ஒரு நாள் மதியம் ஒன்று இருபது. அன்றைய சுரம் ‘ஏ’. கண்ணை மூடிக்கொண்டு முனகினேன்.

ம்ம்ம்...

கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று தோன்றியது. கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினேன். விரல் கீயில் படவில்லை.

எதிர்ச் சுவரிலிருந்து வந்தது.

ம்ம்ம்...

என் குரலைவிட ஒரு இழை மேலே. கீயைத் தட்டினேன். சுவர் சொன்னதுதான் சரி.

மச்சான்தான் வெளியே இருந்து மைக்கில் விளையாடுகிறான் என்று நினைத்தேன். இரண்டு கதவையும் தள்ளிக்கொண்டு போனேன். அவன் வாய் நிறையச் சாப்பாட்டோடு நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன மாப்ள?”

“உள்ள ஸ்பீக்கர் இருக்கா?”

“அத கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சே.”

அப்போதே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. ஏன் தெரியுமா? அது சரியாகச் சொன்னது. எனக்கு வராத ஒன்று அதற்கு வந்தது. கிடைத்தவரை லாபம் என்று மறுநாளும் போய் உட்கார்ந்தேன்.

மறுநாளும் திருத்தியது. அடுத்த நாளும். நான் சரியாக முனகினால் எதுவும் வராது. சுரம் தப்பினால் உடனே வரும். ஆணா பெண்ணா, சொல்ல முடியாது. வயது தெரியாது. வாய் திறக்காத ஒரு முனகல், அவ்வளவுதான். முதலில் எதிர்ச் சுவரில் இருந்தது. பிறகு பக்கத்துச் சுவரில். ஒரு வாரம் கழித்து நாற்காலிக்குப் பின்னால்.

அதில் கருணை இல்லை. நல்ல வாத்தியார் திருத்தினால் தெரியும், குரலில் ஒரு பொறுமை இருக்கும். இது பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தியது.

பிறகு ஒரு நாள் ‘எஃப்’பைத் தவறவிட்டேன். இடது காதோரம் முனகல். சூடில்லாத மூச்சு. என் தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு இரண்டு பக்கமும், இரண்டு விரல்கள் வந்து ஊன்றின. ஊன்றி, மெதுவாக... மேலே தூக்கின. சுரம் சரியான இடத்துக்கு வரும்வரை விடவில்லை.

வெளியே வந்து வாந்தி எடுத்தேன். ஆனால் அன்றைய ‘எஃப்’பை முனகிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன். விட்டால் மறந்துவிடுமே.

அடி வாங்கிப் படித்தது மறக்காது என்பார்கள். உண்மைதான். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குக் காது திறந்துவிட்டது. லிஃப்ட் மணி ‘பி ஃப்ளாட்’. குக்கர் விசில் ‘டி’. பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிடுவது ‘எஃப் ஷார்ப்’. தெருவில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் காலை எனக்குச் சளி. படுக்கையில் கண்ணைத் திறந்ததும் வழக்கம்போல முனகினேன். தொண்டை கட்டியிருந்ததால் சுரம் வழுக்கியது.

கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

ம்ம்ம்...

அப்படியே உறைந்து கிடந்தேன். அது அந்த அறையில்தானே இருக்க வேண்டும்? இங்கே எப்படி? பிறகு புரிந்தது. தினமும் அந்த அறையில் எடுத்த சுரத்தை விடாமல், ஒரு இடத்திலும் நிறுத்தாமல், வீடுவரை தொண்டையில் ஏந்திக்கொண்டு வந்தது யார்? நான்தான். தானாக வரவில்லை. நானே அழைத்து வந்திருக்கிறேன்.

கூடத்தில் சிட்டு பாட ஆரம்பித்தாள்.

“கரண்டி எங்க போச்சு... என் கரண்டி எங்...”

பாட்டு பாதியில் நின்றது. நான் ஓடினேன். அவள் தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கிள்ளுது.”

“யாரு செல்லம்?”

“பாடுனா கிள்ளுது.”

தாடைக்குக் கீழே இரண்டு சிவப்பு அடையாளம். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

“குழந்த மேல கை வச்சீங்களா?”

“நானா? என்ன பேச்சு பேசுற நீ?”

“ரெண்டு மூணு நாளா நான் வாயத் தொறந்தா ‘சுருதி சேரல, சுருதி சேரல’ன்னு காத பொத்திக்கிறது யாரு? குக்கர திட்டுறது யாரு? இப்ப இவளையும் திருத்த ஆரம்பிச்சுட்டீங்களா?”

என்ன சொல்வது? பேய் கிள்ளியது என்றா? சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சிட்டு வாயைத் திறந்தாலே அது வந்தது. குளியலறையிலிருந்து. அலமாரிக்குப் பின்னாலிருந்து. நான்கு வயதுப் பிள்ளை பாடப் பயந்து, உதட்டை மட்டும் அசைத்துப் பாடினாள். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. யார் வீட்டுப் பிள்ளையை யார் திருத்துவது?

தேர்வுக்கு முந்தின நாள். கொண்டுவந்த வழியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் எழுந்து ‘ஏ’யை முனகினேன். நிறுத்தாமல் முனகிக்கொண்டே மதியம் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஸ்டுடியோ வந்தபோது மணி ஒன்று இருபது. மச்சான் ஏதோ சொல்ல வந்தான். முனகலை அறுக்க முடியாதே. பூத்துக்குள் போனேன்.

முதல் கதவு. இரண்டாவது கதவு.

முனகலை நிறுத்தினேன்.

அமைதி.

“இங்கயே கெட” என்றேன்.

ஆனால் அது உள்ளே வந்துவிட்டதா, வீட்டிலேயே இருக்கிறதா? எப்படித் தெரியும்? சுரம் தப்பினால்தான் அது வரும். தப்பாகப் பாட முயன்றேன். முடியவில்லை! எங்கே தொட்டாலும் சுரம் சுத்தமாக விழுந்தது. அப்படிப் பழக்கி வைத்திருந்தது என்னை. எனக்குத் தெரிந்த ஒரே அபசுரம் ஒன்றுதான் இருந்தது.

அதைப் பாடினேன். அவள் பாடுகிற மாதிரியே, அவள் தவறுகிற இடத்தில் தவறி.

“சீப்பு எங்க போச்சு... என் சீப்பு எங்க போச்சு...”

பல்பு ஒரு முறை மங்கியது.

வந்துவிட்டது.

ம்ம்ம்...

இரண்டு காதிலும். ஒரே நேரத்தில்.

நான் நிறுத்தவில்லை.

“தூங்கப் போச்சு... தூங்கப்...”

விரல்கள் ஊன்றின. நகம் இருந்தது. தோல் கிழிவது தெரிந்தது... கழுத்தில் சூடாக வழிந்தது... நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கியது... கால் தரையில் இல்லை...

“சீப்பு... எங்க...”

ம்ம்ம். ம்ம்ம். ம்ம்ம்.

“என்... சீப்பு...”

நின்றது.

முனகல் நின்றது. விரல்கள் விலகவில்லை, ஆனால் அழுத்தவும் இல்லை.

பஞ்சுச் சுவருக்குள் எதுவும் அசையவில்லை.

அது...

கேட்டுக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன். காலால் எட்டி உதைத்துச் சாத்தினேன். மச்சான் ஓடி வந்து, “டேய், ரத்தம்!” என்று கத்தினான். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு சுரம், ஒரு முனகல், ஒரு இருமல்கூட வெளியே வரக் கூடாது. அவன் கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே வீடு வந்து சேர்ந்தேன்.

சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் கழுத்தைப் பார்த்ததும் மனைவி பதறிப்போனாள். துணியை அவிழ்த்துவிட்டு, இரண்டு காயத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையின் கழுத்தில் பார்த்த அதே இடம். “நான்தான் ஏதேதோ பேசிட்டேன்” என்று அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

“மத்தியானம் ஒண்ணரை மணி வாக்குல வீல்னு கத்துனா” என்றாள். “தூக்குறதுக்குள்ள தானா அடங்கிட்டா. அப்பத்துலேர்ந்து நல்ல தூக்கம்.”

மறுநாள் தேர்வு. திரைக்குப் பின்னால் ஒரு கீயைத் தட்டினார்கள். டொங். வெறும் சத்தம். பெயர் இல்லை. என் காது பழையபடி மூடிக்கொண்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் ‘சி’, ‘சி’ என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த நாற்காலி போனது. போகட்டும், பிள்ளை பிழைத்தாளே. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

வீட்டுக்கு வந்து சிட்டுவை மடியில் உட்கார வைத்தேன். “இனிமே யாரும் கிள்ள மாட்டாங்க. பாடு தங்கம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பாடவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

ம்ம்ம்...

குழந்தை முனகுகிறது என்றுதான் நினைத்தேன். ஏதோ உறுத்தியது. எழுந்து போய்க் கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன். ‘ஏ’. ஒரு இழைகூடப் பிசகவில்லை.

ஒரு வாரம் ஆனது. அவள் பாடவில்லை. பேசுவதும் குறைந்துவிட்டது. முனகல் மட்டும். மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு கோளாறும் இல்ல, பிடிவாதம், தானா சரியாயிடும்” என்றார். அவளைப் பாட வைக்க ஒரு நாள் நானே அவளுடைய பாட்டைப் பாடிக் காட்டினேன். சீப்பு எங்க போச்சு என்று. அவள் மெதுவாக நடந்து வந்தாள். மடியில் ஏறினாள். என் தாடைக்குக் கீழே, ஆறாத அந்த இரண்டு காயத்தின் மேலும், சின்ன விரல் இரண்டை ஊன்றினாள்.

ம்ம்ம்...

சரியான சுரத்தைச் சொன்னாள். நான் அதற்கு வரும்வரை விரலை எடுக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து மச்சான் போன் செய்தான்.

“மாப்ள, ஒரு நல்ல சேதி. அந்த பூத்துல இரைச்சல் போயிடுச்சு. நீ அடிபட்ட அன்னிக்கு உள்ள மைக் வச்சு ரெக்கார்டிங் போட்டு விட்டிருந்தேன், வயரிங்க செக் பண்ண. உன்கிட்ட சொல்றதுக்குள்ள நீ பாட்டுக்கு உள்ள போயிட்ட. முந்தாநாள்தான் கேட்டேன். நீ பாடி முடிச்சதுக்கப்புறம் சுத்தமா இருக்கு. அந்த ‘ம்ம்ம்’ அடியோட போச்சு.”

நான் கழுத்துக் காயத்தைத் தடவிக்கொண்டேன்.

“ஆனா ஒண்ணு புரியல. சிட்டுவ எப்ப இங்க கூட்டிட்டு வந்த?”

“நான் கூட்டிட்டு வரலயே...”

“நீ வெளிய ஓடி வந்து கதவ சாத்துற சத்தம் கேக்குது. அதுக்கப்புறம் உள்ள அவ பாடுற சத்தம். அதே கழுதக் குரல்தான் மாப்ள, எனக்குத் தெரியாதா? நேத்து மறுபடி மைக் வச்சுப் பாத்தேன். நேத்தும் பாடுறா.”

“என்ன பாடுறா?”

அவன் போனைப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவை ஓட விட்டான். மெட்டு தாறுமாறாக இருந்தது. ஒரு சுரம்கூடச் சேரவில்லை. என் மகள்தான்.

“கதவு எங்க போச்சு... என் கதவு எங்க போச்சு...”

இப்போது தினமும் மதியம் போகிறேன். அந்த இரண்டு கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு, “இங்கதான்மா இருக்கு, வா” என்கிறேன். கை வலிக்கும்வரை நிற்கிறேன். யாரும் வெளியே வருவதில்லை.